மூன்று விரலும் சேர்ந்தால்

பிப்ரவரி 4

தம்பி திருகாணிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு காதையும் என் வாயருகே வைத்துவிடுகிறாள். இது அவள் காதுக்குப் போக வேண்டாம்.

எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் ஏப்ரல் மாதம் வேகத் தேர்வு வைக்கப்போகிறார்கள். அழைப்பவர் பேசப் பேச, விலாசத்தையும் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதையும் அடித்து வண்டிக்காரரின் திரைக்கு அனுப்ப வேண்டும். பின்தங்கினால் நாற்காலி போய்விடும். கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளோடு உட்கார வேண்டியதுதான். போன வாரம் கண்காணிப்பாளர் மேடம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, உங்க கை ஆமை மாதிரி ஊருது?" என்றார். "கீபோர்டு பழசு மேடம்" என்று சொல்லித் தப்பித்தேன்.

யார் யாருக்கோ விதவிதமாகக் கீபோர்டு செய்து கொடுக்கிறாய் அல்லவா, உடன்பிறந்தவளுக்கும் ஒன்று செய்துகொடு. விரல்கள் அதிகம் ஓடக்கூடாது. அதிலும் வலக்கைக்கு வேலை குறைவாக இருந்தால் நல்லது.

அக்கா

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடும் நடக்கிறது. அம்மாவின் முட்டிக்கு ஒத்தடம் கொடு, வாய்க்கு என்னிடமும் மருந்து இல்லை.

நீ கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கணக்கு எழுதுகிறவர்களும் விளையாட்டுப் பைத்தியங்களும்தான். உயிர் காக்கிற வேலைக்கு ஒன்று செய்யச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

இரண்டு துண்டாகச் செய்யப்போகிறேன். இடக்கைக்கு ஒரு பாதி, வலக்கைக்கு ஒரு பாதி. தோள் குறுகாமல் உட்காரலாம். இப்போது எல்லோரும் அடிக்கிற அமைப்பில் மெய்யெழுத்தெல்லாம் வலப்பக்கம் குவிந்து கிடக்கிறது, சோம்பேறிப் பயல்களான உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம். அதைப் பிரித்துப் போடுகிறேன். தெருப் பெயர், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போல அடிக்கடி வருகிறவற்றை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டாம். இரண்டு மூன்று விசைகளை ஒன்றாக அமுக்கினால் முழுச் சொல்லும் வந்து விழும். ஒரு நாளில் அடிக்கடி எதையெல்லாம் அடிக்கிறாய் என்று எழுதி அனுப்பு.

ஒரு கேள்வி. வலக்கைக்கு வேலை குறைவாக வேண்டும் என்கிறாய். ஏன்? வலிக்கிறதா? எந்த விரல்?

ஒரு நிபந்தனையும் உண்டு. கீபோர்டு கைக்கு வந்தபின் எனக்கு எழுதும் கடிதத்தை எல்லாம் அதிலேயே அடித்து அனுப்ப வேண்டும். உனக்கும் பழக்கம் ஆகும், எனக்கும் குறை தெரியும்.

திருகாணி

மார்ச் 12

அன்புள்ள நெஞ்சுவலிக்கு,

தம்பிக்கு என்று அடிக்கப்போய் இப்படி வந்து விழுந்தது. நீ சிரிக்கட்டும் என்று திருத்தாமல் விட்டிருக்கிறேன். நாங்கள் சுகம். உன் இருமல் நின்றதா?

கீபோர்டு வந்த முதல் வாரம் உன்னைத் திட்டாத நாளில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டில் பழகிவிட்டுத்தான் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். மேடம் அதைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல எதையும் ஏத்த வேண்டியதில்லையே? அப்ப சரி. மத்தவங்க சாஞ்சு உக்கார தலையணை கொண்டுவர்றாங்க, நீங்க இதைக் கொண்டுவர்றீங்க" என்றார். அனுமதி கிடைத்தது.

இப்போது கை பழகிவிட்டது. கட்டைவிரல் விசையை அமுக்கிக்கொண்டு ஒரு விரல் தட்டினால் முதல் தெரு, இரண்டு விரல் என்றால் இரண்டாம் தெரு, மூன்று விரல் என்றால் மூன்றாம் தெரு. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஒரே குறை, அமுக்கியபிறகு சொல் வருவதற்குள் ஒரு தயக்கம். பந்தியில் பரிமாறுகிறவன் யோசித்து நிற்பதுபோல. தேர்வில் அதுவே என்னைக் கவிழ்த்துவிடும்.

விரலைப் பற்றிக் கேட்டிருந்தாய். எல்லா விரலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

நெஞ்சுவலி நலமாக இருக்கிறான். இருமலும் போய்விட்டது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் சொல்கிறேன். நீ ஒரு விரலை வைத்ததும், இன்னும் விரல் வருகிறதா என்று கீபோர்டு கொஞ்சம் காத்திருந்து பார்க்கும். எல்லோர் விரலும் ஒரே கணத்தில் இறங்காதல்லவா? அதற்கான அவகாசம் அது. வேறொன்றும் இல்லை.

புது நிரல் அனுப்புகிறேன். வீட்டுக் கணினியில் கீபோர்டைச் செருகி, அடிப்பக்கத்து ஓட்டையில் ஊசியால் ஒரு அழுத்து அழுத்தி, இந்தக் கோப்பை இழுத்துப் போடு. முடிந்தது. சில்லறை மாற்றங்கள்தான். நீ தனியாகக் கவனிக்க ஒன்றுமில்லை. தேர்வில் பறக்கலாம்.

விரல் எல்லாம் இடத்தில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது அதுவல்ல.

திருகாணி

ஏப்ரல் 23

தம்பிக்கு,

பார், ஒழுங்காகத் தம்பி என்றே வந்துவிட்டது. இங்கு எல்லோரும் நலம். உனக்கு வெயில் தொந்தரவு இல்லையே?

தேர்வில் நான்தான் முதல்! திரையைக்கூடப் பார்க்கவில்லை, காது கேட்டதைக் கை அனுப்பிக்கொண்டே இருந்தது. மேடம் எல்லோர் முன்னாலும், "ஆமை முயலாயிடுச்சு" என்றார். தயக்கமே இல்லை இப்போது. என்ன மந்திரம் போட்டாய்?

பக்கத்து நாற்காலிக்காரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்போம். அவளுக்கும் ஒன்று வேண்டுமாம். எதிர் நாற்காலி ஒல்லிக்கும் வேண்டுமாம். என்னுடையதைப் போலவே, அதே நிரலோடு செய்து அனுப்பு.

நேற்று என் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. அம்மா என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். கை ஈரம் என்றேன்.

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

நலம்தானே? மே முதல் வாரமே இரண்டு கீபோர்டும் அனுப்பினேன். வந்து சேர்ந்ததாக ரேடியோ அக்காவே கடைக்குப் போன் செய்து, என் ஜாதகம் வரை விசாரித்துவிட்டார். உன்னிடமிருந்து மட்டும் ஒரு வரி இல்லை.

அம்மாவிடம் பேசினேன். "அவ வர்றா, சாப்பிடுறா, சுவரைப் பாத்துட்டு உக்காந்துக்கிறா. கேட்டா வேலை அதிகம்ங்கிறா. உங்கிட்டயாவது சொன்னாளா?" என்றாள். என்னிடமும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்மேல் கோபமா? கீபோர்டில் ஏதாவது கோளாறா? திட்டியாவது எழுது.

திருகாணி

ஜூன் 17

தம்பிக்கு,

அம்மா சுகம். நானும் இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று விரலில் இரண்டு ஒன்றாக இறங்கி, மூன்றாவது மட்டும் கொஞ்சம் பிந்தி இறங்கினால் உன் கீபோர்டு என்ன செய்யும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். அவகாசத்துக்குள் மூன்றாவது விரல் வராவிட்டால், வந்த இரண்டையும் வைத்து முடிவு கட்டிவிடும். மூன்றாம் தெரு என்று நீ அமுக்கினாலும் இரண்டாம் தெரு என்றுதான் போகும். பிந்தி வருகிற விரலைக் கணக்கில் எடுக்காது. தப்பென்று காட்டவும் காட்டாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் அனுப்பிய நிரலில் அந்த அவகாசத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன். நீ தேர்வில் தேற வேண்டும் என்ற அவசரம். உன்னிடம் சொன்னால் பயந்து வேண்டாம் என்பாய் என்று சில்லறை மாற்றம் என எழுதினேன். நல்ல விரலுக்கு அது போதும். உன் விரல் நல்ல விரல்தான் என்று நீயும் சொல்லிவிட்டாய்.

இந்தக் கடிதத்தை நீ கையால் எழுதியிருக்கிறாய். என் நிபந்தனையை மீறினாய் என்று சொல்லவில்லை. உன் எழுத்தைப் பார்த்தேன். பேனா தாளில் அழுந்தவே இல்லை, வரி எல்லாம் கீழே சரிகிறது. பள்ளிக்கூடத்தில் அச்சுபோல எழுதியவள் நீ.

என்ன நடந்தது என்று பிறகு எழுது. முதலில் இதைச் செய். அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் கையில் அதே நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களும் ஒருநாள் களைத்துப்போவார்கள். இதைப் படித்த கையோடு போய் மூன்றையும் பிடுங்கு. என்ன காரணம் வேண்டுமானாலும் சொல். ஒரு அழைப்புகூட இனி அதன் வழியே போகக்கூடாது.

திருகாணி

ஜூலை 2

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. மூன்று கீபோர்டும் பழந்துணியில் சுற்றி இருந்தன. உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ அக்கா போன் செய்தார். "தம்பி, ஏதோ ரிப்பேர்னு உங்க அக்கா வாங்கிட்டுப் போனா. எப்ப ரெடியாகும்? பழைய கீபோர்டுல விரல் ஒடியுதுப்பா" என்றார். இன்னும் நாளாகும் என்று வைத்துவிட்டேன்.

ஆக, நீ யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்றையும் அப்புறப்படுத்தியதே பெரிய காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் சூட்டுக்கோலைக் கையில் பிடித்தால் எந்தக் கம்பியை ஈயத்தால் பற்றவைக்க வந்தேன் என்பதே மறந்துபோகிறது.

யாருக்கு வண்டி போகவில்லை? அவர் உயிரோடு இருக்கிறாரா? அதை மட்டுமாவது எழுது.

திருகாணி

ஜூலை 14

என் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், மூச்சு விடு. பிறகு மேலே படி.

மே மாதம், ஒரு மத்தியானம். ஒரு அம்மாள் அழைத்தார். கணவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். முகம் கழுவப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்றார். பதறவில்லை, நிதானமாகத்தான் பேசினார். "மூணாவது தெரு, பச்சை கேட்டு." நான் திருப்பிக் கேட்டேன், "மூணாவது தெருதானேம்மா?" "ஆமாம்மா, மூணாவது." கட்டைவிரலை அமுக்கி மூன்று விரலையும் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். திரையைப் பார்க்கவில்லை. அடுத்த மணி அடித்துவிட்டது.

வண்டி இரண்டாம் தெருவுக்குப் போனது. எங்கள் ஊரில் அது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அங்கே பச்சை கேட்டைத் தேடி, இல்லையென்று திரும்பினால் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த அம்மாள் மறுபடியும் அழைத்தார். அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

கணவருக்கு வலப்பக்கம் வாதத்தில் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சீக்கிரம் போயிருந்தால் பேச்சாவது பிழைத்திருக்குமா என்று டாக்டர்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லையாம்.

நீ கேட்டுக்கொண்டே இருந்த விரல் வலக்கை மோதிர விரல். மூன்றாவதாக இறங்க வேண்டியது அதுதான். குளிர்காலத்திலிருந்தே மரத்துப்போய்க் கிடக்கிறது. யாரோ ஒட்டவைத்த ரப்பர் மாதிரி. சுண்டு விரலும் அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. மேடத்துக்குத் தெரிந்தால் நாற்காலி போய்விடும், அம்மாவுக்குத் தெரிந்தால் தூக்கம் போய்விடும், உனக்குத் தெரிந்தால் நீ கீபோர்டே செய்து தரமாட்டாய். அதனால் சொல்லவில்லை. அவகாசத்தைக் குறைத்தது நான்தான் என்று நீ எழுதியதைப் படித்தபோது, தப்பு என்னுடையது இல்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் என்னைத் தின்றுகொண்டிருப்பது இதுகூட இல்லை.

மறுநாள் மேடம், திரையில் பதிவாகியிருந்த இரண்டாம் தெருவை மட்டும் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் நின்றுதான் அந்த அம்மாளுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா, பதட்டத்துல நீங்க ரெண்டாவது தெருன்னு சொல்லிட்டீங்க. சகஜம்தான். மனசைத் தேத்திக்கோங்க." "அப்படியா சொன்னேன்?" என்றார் அந்த அம்மாள். பிறகு, "உங்களுக்கெல்லாம் வீண் அலைச்சல். மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

எங்களிடம் மன்னிப்புக் கேட்டார், தம்பி. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடித்தேன்.

புகார் வந்தால்தான் ஒலிப்பதிவை எடுத்துக் கேட்பார்கள். தன் வாய்தான் தவறியது என்று நம்புகிறவர் எப்படிப் புகார் கொடுப்பார்?

அக்கா

ஜூலை 19

அக்காவுக்கு,

கடை வாசலில் நின்றே படித்தேன். முதலாளி "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தார். சொன்னேன். "கடை பேரை இழுத்துடாதேப்பா" என்றார். அவர் பயம் அவருக்கு. நான் என்ன மாற்றினேன், எப்போது மாற்றினேன், ஏன் சொல்லவில்லை என்பதையெல்லாம் என் பெயரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு தடவை கேட்டேன், எந்த விரல் என்று. அந்தக் கோபத்தில் பாதி என்மேலும்தான்.

அந்த அம்மாள் இன்னும் ஒருநாள்கூட அப்படி நினைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. இதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை வருகிறேன். அதற்கு முன்னால் விடுப்பு கிடைக்கவில்லை. நீ தனியாகப் போக வேண்டாம், இரண்டு பேருமாகப் போவோம். அதற்குள் நீ கையைக் காட்டிவிட்டு வா. அம்மாவிடமும் சொல். அவள் நாம் நினைப்பதைவிடக் கெட்டி.

திருகாணி

ஜூலை 28

தம்பிக்கு,

அம்மா சுகம். அவளிடம் சொல்லிவிட்டேன். "டம்ளர் விழுந்த அன்னிக்கே தெரியும்டீ. நீ எப்ப வாயைத் திறக்கப்போறேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள். டாக்டரிடம் அவளே இழுத்துப் போனாள். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம், ஆபரேஷன் செய்துதான் விடுவிக்க வேண்டும். விரலில் உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இதை எழுத அம்மா தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒளிக்க இனி எதுவும் இல்லை.

நீ வரும்வரை நான் காத்திருக்கவில்லை. ஒருநாள்கூட என்று எழுதிவிட்டு, சனிக்கிழமை வரை இரு என்றால் எப்படி?

முதலில் மேடத்திடம் போனேன். "முடிஞ்சுபோனதை எதுக்கும்மா கிளறுறே?" என்றார். "அவங்களுக்கு முடியலை மேடம்" என்றேன். கடைசியில் ஒலிப்பதிவை எடுக்கச் சொன்னார். என் குரல், அந்த அம்மாள் குரல், இரண்டு தடவை மூணாவது. மேடம் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். விசாரணை முடியும்வரை எனக்கு நாற்காலி இல்லை. அவருக்கும் கேள்வி வரும் என்று நினைக்கிறேன். ரேடியோ அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் மூன்றாம் தெருவுக்குப் போனேன். பச்சை கேட்டைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, தெரு முனையிலேயே தெரிகிறது. அந்த அம்மாள்தான் திறந்தார். என்னைவிடப் பல வயது மூத்தவர். உள்ளே ஜன்னலோரம் கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் யார் என்று நின்றுகொண்டே சொன்னேன். ஒலிப்பதிவில் இருந்ததைச் சொன்னேன். என் விரலையும் நீ செய்ததையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன், அழவில்லை.

அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் மூணாவதுன்னுதான் சொன்னேனா?"

"ரெண்டு தடவை சொன்னீங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? நான் சரியாத்தான் சொல்லிருக்கேன்" என்றார். அவர் இடக்கையை நீட்டினார். அந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை மன்னித்தார் என்று எழுத ஆசை. இல்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "இதைச் சொல்ல உனக்கு இத்தனை மாசம் ஆச்சா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "இவரோட அண்ணன் வாராவாரம் சனிக்கிழமை வர்றாரு. வீட்டு விலாசம்கூடச் சொல்லத் தெரியாத பொம்பளைன்னு என்னைப் பத்தி, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டு, வாசல்ல இருக்கிற நாற்காலியிலதான் உக்கார்றாரு. எங்கிட்ட சொன்னதை அவருக்கு முன்னால சொல்லு. நீயும் சொல்லணும், அந்தக் கீபோர்டு செஞ்ச உன் தம்பியும் வந்து சொல்லணும். நான் சொன்னா யாரு நம்புவா?" என்றார்.

வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். நீ எழுதி வைத்திருக்கும் தாள் வேண்டாம், வாயால் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வீட்டுக்கு அப்புறம் போகலாம், நேரே அங்கே போய்விடுவோம்.

அக்கா